வீரபாண்டிய கட்டபொம்மன் (திரைப்படம், 1959)

வீரபாண்டிய கட்டபொம்மன், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் (1760–1799) கதையைச் சொல்லும் தமிழ்ப் படம். தயாரித்து இயக்கியவர் பி. ஆர். பந்துலு, வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி, பாடல்கள் கு. மா. பாலசுப்பிரமணியம், இசை ஜி. ராமநாதன். கட்டபொம்மனாக சிவாஜி கணேசனும் வெள்ளையத்தேவனாக ஜெமினி கணேசனும் வெள்ளையம்மாளாகப் பத்மினியும் ஜாக்சன் துரையாக சி. ஆர். பார்த்திபனும் நடித்தார்கள். கேவா கலரில் எடுக்கப்பட்டு, லண்டனில் டெக்னிக்கலர் பிரதியாக்கப்பட்ட இப்படம் 1959 மே மாதம் வெளியானது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும் ராமநாதனுக்கு இசை விருதும் கிடைத்தன.

படத்தின் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் இன்றுவரை ஓயவில்லை. சிவாஜியின் நடிப்பு மிகை என்பது ஒன்று. சொன்னது வரலாறு அல்ல என்பது மற்றது. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு இடத்தில் பேசுவார்கள். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: படம் கும்பனியின் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின்) கடிதங்களிலிருந்து பிறக்கவில்லை, கதைப்பாடலிலிருந்தும் கூத்திலிருந்தும் பிறந்தது.

நடிப்பு

சிறு வயதில் பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்புக்கு இழுத்தது என்று சிவாஜி சொல்லியிருக்கிறார். 1957 முதல் சிவாஜி நாடக மன்றம் இதை மேடையில் நடத்திவந்தது. திரைக்கு வருமுன்பே வசனத்தின் ஏற்ற இறக்கம், நடை, மீசையில் கை போகும் நேரம் எல்லாம் கூட்டத்தின் முன்னால் பலமுறை தீட்டப்பட்டுவிட்டன. கமெரா வந்தபோதும் அவர் கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்கும்படியே பேசினார். நெருக்கக் காட்சியில் அந்தக் குரல் அளவுக்கு மிஞ்சியதாகப் படுவது உண்மைதான். கண்ணும் புருவமும் உதடும் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்லும் இடங்கள் படத்தில் இருக்கின்றன.

கல்முனைப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்கப் பெரிய பாடம் வேண்டாம். வடமோடிக் கூத்தில் அரசன் வரவு எப்படியிருக்கும்? உடுப்பின் பாரத்தோடு ஆடி வந்து, தான் யார் என்பதைத் தானே பாடி அறிவிப்பான். அவன் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோலப் பேசினால் களரியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவிலில் பாண்டவர் வனவாசம் போகும்போது, ‘இது மிகை’ என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. கட்டபொம்மனின் கொலுவும் அப்படியொரு வரவுதான். மாடு பிடித்தல், காதல், போருக்குப் போகும் கணவனைத் தடுக்கும் மனைவி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டு நிற்பதும் அதே முறையில்தான். என் கணக்கில், யதார்த்த நடிப்பு என்ற அளவுகோலை இங்கே நீட்டுவது தராசைக் கொண்டு துணி அளப்பதுபோல.

வரலாறு

படத்தில் மிகவும் புகழ்பெற்ற இடம் கும்பனிக் கலெக்டர் ஜாக்சனுடனான சந்திப்பு. வரி எதற்கு என்று கட்டபொம்மன் அடுக்கடுக்காகக் கேட்கும் வசனம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பாடசாலை மேடைகளில் தலைமுறைகளாக ஒப்பிக்கப்பட்டது. ஆவணங்களுக்கு மிகத் தூரமான இடமும் அதுதான்.

1798இல் கட்டபொம்மன் கும்பனிக்குக் கட்டவேண்டிய வரி நிலுவை 3310 பகோடா நாணயம். அதில் பெரும்பகுதியை அவர் கட்டிவிட்டார். மிச்சம் 1080 பகோடா. ஜாக்சனைச் சந்திக்கப் புறப்பட்டவரைக் குற்றாலம், திருவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகப் பின்தொடர வைத்து, கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிற்க வைத்தே விசாரித்தார் ஜாக்சன். வெளியேறும்போது கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மனின் பிரதானி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு கட்டபொம்மன் சென்னைக்கு முறைப்பாடு அனுப்பினார். பிரவுண், ஓரம், காசாமேஜர் மூவரும் அடங்கிய குழு விசாரித்து அவர் குற்றவாளி இல்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார், லஷிங்டன் கலெக்டரானார். வரியே தரமாட்டேன் என்று முழங்கியவர் அல்ல, அவமானத்துக்கு நியாயம் கேட்டு எழுதி வென்றவர் என்பதுதான் இதில் தெரியும் மனிதர். எனக்கென்னவோ இந்த ஆள் இன்னும் சுவையானவர். ஆனால் விசாரணைக் குழுவை வைத்துப் பாட்டுக் கட்ட முடியாது.

மொழியிலும் ஒரு விலகல். கட்டபொம்மன் இராஜகம்பள நாயக்கர், வீட்டு மொழி தெலுங்கு. படத்தில் அவர் மேடைத் தமிழ் பேச, ஜாக்சன் கொச்சைத் தமிழில் தடுமாறுகிறார். படத்துக்குப் பின்புலமாக நின்றவர் ம. பொ. சிவஞானம், அவர் கட்டபொம்மனைத் தமிழின் விடுதலை வீரராக நிறுவப் பாடுபட்டவர். எதிர்த் திசையில் தமிழ்வாணன், கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்றே புத்தகம் எழுதினார். எட்டயபுரம் பாளையக்காரரின் பெயரான எட்டப்பன், காட்டிக்கொடுப்பவனுக்கு மறுபெயராக ஊர்ப் பேச்சில் நிலைத்ததில் இந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததோ புதுக்கோட்டைத் தொண்டைமான்.

கட்டபொம்மன் வெளியான அதே 1959 மே மாதம் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ படமும் வெளியானது. மருது சகோதரர் கதை, எஸ். எஸ். ராஜேந்திரன் நடித்தார். அடங்கிய தொனி, அழகான பாட்டுகள், ஆனால் வசூலில் கட்டபொம்மன் முந்திவிட்டது. 

‘இது வரலாறு அல்ல’ என்ற வழக்கிலிருந்து ஹொலிவூட் பாட்டுப் படங்களும் தப்பவில்லை. யுல் பிரின்னருக்கு ஒஸ்கார் வாங்கிக் கொடுத்த ‘தி கிங் அண்ட் ஐ’ (1956) தாய்லாந்தில் தடைசெய்யப்பட்டது. தங்கள் அரசரைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்பது அங்குள்ளோர் முறைப்பாடு. ‘தி சவுண்ட் ஒஃப் மியூசிக்’கில் (1965) மலையேறித் தப்பும் குடும்பம், உண்மையில் இத்தாலிக்கு ரயில் ஏறிப் போனது.

இலங்கைத் தொடர்பு

பாஞ்சாலங்குறிச்சி நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1783இல் கும்பனியின் கேர்ணல் புல்லர்ட்டன் அந்தக் கோட்டையைப் பிடித்தபோது, கொழும்பு ஒல்லாந்த அரசுக்கும் அன்றைய கட்டபொம்மனுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் மூலப்பிரதி உள்ளே கிடைத்தது. 1766 உடன்படிக்கைக்குப் பின் மட்டக்களப்புக் கரையோரத்தை ஆண்டதும் அதே கொழும்பு அரசுதான். கும்பனி இந்தக் கரையைப் பிடித்தது 1795இல். ஜாக்சன் சந்திப்பு நடந்த 1798இல்தான் கண்டியில் நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரசேறினான். இரு கரைகளையும் இப்படி இணைத்த கடல் படத்தில் இல்லை.

தூக்கு

விசாரணைக் குழுவிடம் பெற்ற வெற்றி நீடிக்கவில்லை. கும்பனியின் மேஜர் பானர்மன் 1799 செப்டம்பர் 5இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பி, பிடிபட்டு, ஒக்டோபர் 16இல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். படத்தின் முடிவில் சிவாஜி நிமிர்ந்து நடந்து, சுற்றியிருந்த பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்க்கிறார். மிகை என்போர் முதலில் சுட்டுவது இந்த நடையைத்தான். ஆனால் மறுநாள் பானர்மன் சென்னைக்கு எழுதிய கடிதம் ஏறக்குறைய இதையே சொல்கிறது: விசாரணை முழுதும் அச்சமற்று அலட்சியமாக நின்றார், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை வெறுப்போடு நோக்கினார், தூக்குக்குப் போகும்போது உறுதியான நடையோடு இருபுறமும் இகழ்ச்சியாகப் பார்த்தபடி சென்றார்.

கடிதத்தில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. வழியில் அவர் கவலைப்பட்டது வாய் பேசாத தம்பி ஊமைத்துரையை எண்ணி மட்டும்தான். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தினார். அங்கேயே போரிட்டுச் செத்திருக்கலாம் என்றார்.