ஆற அமரப் படித்தல்: கொங்கு மண்ணும் புதின வாசிப்பும்

புதினத்தை ஆற அமரப் படிப்பது ஓய்வும் வசதியும் வாய்த்தவர்க்கே உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஒன்றரை ஷிப்டும் பீஸ் ரேட்டும் வாழ்வை அளக்கின்ற திருப்பூரில் இவ்வெண்ணம் இன்னும் உரக்க ஒலிக்கக்கூடும். ஆயினும் கொங்கு நாட்டின் கதை மரபும் தமிழ்ப் புதின வரலாறும் இதற்கு மாறான செய்தியையே தருகின்றன.

அச்சு நூல்கள் பரவுமுன்னரே நெடுங்கதையை நிதானமாகத் துய்க்கும் பழக்கம் இம்மண்ணில் வேரூன்றியிருந்தது. பொன்னர், சங்கர் வரலாற்றைக் கூறும் அண்ணன்மார் கதை உடுக்கையடிப் பாட்டாக இரவுதோறும் தொடர்ந்து நிகழ்த்தப்பட்டது. 1965-ஆம் ஆண்டில் மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் காங்கேயம் வட்டாரத்தில் அதனை ஒலிப்பதிவு செய்தபோது, கதை முடியப் பல இரவுகள் ஆயின. இத்தகைய கதையைக் கேட்டோர் பெரும்பாலும் பகலெல்லாம் காட்டில் உழைத்தவர்கள். அண்ணன்மாரின் முடிவை முன்பே அறிந்தவர்கள். அறிந்திருந்தும் மறுஇரவும் வந்து அமர்ந்தனர் எனின், அவர்களை ஈர்த்தது கதை செல்லும் நடையே எனலாம்.

தமிழ்ப் புதினமும் தொடக்கத்தில் மெல்லவே வாசகரிடம் வந்து சேர்ந்தது. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் நூலாக வெளிவந்தது. ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரமோ 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி மாத இதழில் பகுதி பகுதியாக வந்தது. ஓர் இதழுக்கும் மறு இதழுக்கும் இடையே கதை மாந்தர் வாசகரின் நினைவிலேயே வாழ்ந்தனர். 1950-இல் தொடங்கிய கல்கியின் பொன்னியின் செல்வன் முடிய ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆயின. ஒருவர் படிக்க வீட்டார் கூடிக் கேட்டதும், இதழ்ப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்துப் பேணியதும் அக்கால வாசிப்பின் அடையாளங்கள். தொடர்கதை அடுத்த திருப்பத்தை நாடி ஓடவும் வாசகரைப் பழக்கியது என்பது உண்மையே. எனினும் பைண்டு செய்த தொகுதியை மீண்டும் எடுத்தவர், திருப்பங்களை அறிந்த பின்னரும் சுவை குன்றாமை கண்டனர்.

அளவில் பெரிய நூலுக்கு மட்டுமே நிதானம் வேண்டும் என்பதில்லை. தாராபுரத்தை அடுத்த கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942) ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடிய சிறு நூல். விரைந்து படிப்பவர்க்கு அது கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்பதும், அது கொலையில் முடிவதுமாகிய கதை. நின்று படிப்பவர்க்கோ கொங்குப் பேச்சின் ஏற்ற இறக்கமும், ஊரார் பேச்சில் பகை சிறிது சிறிதாக மூள்வதும், உரிமை வேட்கைக்கும் பிடிவாதத்துக்கும் இடைப்பட்ட மெல்லிய கோடும் புலனாகும். இவ்வாசிரியரே விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் பதேர் பாஞ்சாலியைத் தமிழாக்கினார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. பெருநிகழ்ச்சிகளை நம்பாமல், சிறார் இருவரின் கண்வழியே ஊரின் அன்றாடத்தைக் காட்டும் புதினம் அது.

பனியன் நகரமாக மாறிய திருப்பூரும் புதினத்தில் இடம்பெற்றது. சுப்ரபாரதிமணியனின் சாயத்திரை (1998) சாயக்கழிவால் சீரழிந்த நொய்யலையும் அதன் கரை மாந்தரையும் காட்டியது. எம். கோபாலகிருஷ்ணனின் மணல் கடிகை (2004) நகரின் வளர்ச்சியோடு வளர்ந்த நண்பர்களின் வாழ்வைத் தொடர்ந்தது. ஆற்றின் நிறம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மனித மனமும் அவ்வாறே. படிப்படியாக நேர்ந்த இழப்பைப் படிப்படியாகவே உணர முடியும். கதைச் சுருக்கம் செய்தியைத் தரும். அந்த உணர்வைத் தராது.

கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன்னும் கை வேகமே கூலியாகிறது. அங்கிருந்து திரும்பும் ஒருவர் இரவில் பத்துப் பக்கம் படித்து, பிடித்த ஒன்றை மறுபடியும் படித்தால், அந்தப் பொழுதுக்கு எவரும் கணக்குக் கேட்க இயலாது. அது அவர் தமக்கென மீட்டுக்கொண்ட பொழுது. அண்ணன்மார் கதையைக் கேட்க அமர்ந்த உழவர் பெற்றதும் இதுவே.

ஒரு சொல்லின் முன் நின்று நெடுநேரம் எண்ணுவது கவிஞர்க்குப் புதிதன்று. செய்யுளுக்கு அளிக்கும் அப்பொறுமையைப் புதினத்துக்கும் அளித்து, ஓர் ஆண்டில் ஒரு நூலையேனும் அத்தியாயம் அத்தியாயமாகக் கூடிப் படிக்க இலக்கிய வட்டங்கள் முன்வருமாயின், இம்மண்ணின் பழைய இரவுகள் புதிய வடிவில் தொடரும்.