மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் யாருக்கு இடம்?

1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோவில் மருத்துவம் படித்த சோஃபியா ஜெக்ஸ் பிளேக்குக்கும் தோழியருக்கும் பட்டம் இல்லை என்று தீர்ப்பாகி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததே 1878இல்தான். கல்கத்தாவில் இடம் கிடைக்காத அபலா தாஸ், 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தார். இதையெல்லாம் சென்னையின் தாராள மனத்துக்குச் சான்றாகச் சொல்வதுண்டு. ஆனால் அன்று கதவைத் திறக்க வைத்தது நோயாளிகளின் நெருக்கடி. நெருக்கடிக்காகத் திறக்கும் கதவு அதன் அளவுக்கே திறக்கும். எல்லோருக்கும் திறக்க வேண்டுமானால் விதி வேண்டும்.

அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப், சென்னையில் தொழில் செய்த வழக்கறிஞர் ஒருவரின் மனைவி. ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்க வீட்டார் சம்மதிக்காததால் பிரசவத்தில் பெண்கள் சாவதை அறிந்து படிக்க வந்தவர். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் அவருக்குத் துணை நின்றார். ஷார்லீப் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய பின், 1885இல் உயர்சாதிப் பெண்களுக்கும், கோஷா எனும் திரைமறைவு வழக்கத்தில் வாழ்ந்த பெண்களுக்கும் என்றே பெயரிட்டு ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி பெயரில் இயங்கும் அதை ஊர்க்காரர்கள் இன்னமும் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். தனி மருத்துவமனை கோஷா வழக்கத்தையே கெட்டிப்படுத்தியது என்ற குறையில் உண்மை உண்டு. ஆனால் வழக்கம் ஒழியட்டும் என்று பிரசவ வலி காத்திருக்காது. அந்தப் பெயர் நமக்குச் சொல்வது வேறு: பெண்ணுக்கு இடம் தந்த ஏற்பாட்டுக்குள்ளேயே சாதியும் உட்கார்ந்திருந்தது.

தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி, 1907இல் இதே கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அதற்கு முன் புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த கல்லூரியில், எதிர்ப்பை மீறி மன்னர் இடம் தந்ததால்தான் அவர் இவ்வளவு தூரம் வர முடிந்தது. மன்னரின் தயவு ஒரு முத்துலட்சுமிக்குப் போதும், ஊருக்கெல்லாம் போதாது.

விதி வகுப்புவாரி அரசாணையாக வந்தது. 1950 வாக்கில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிஜனங்களுக்குத் தலா 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குமாக 1 என்று பங்கிடப்பட்டது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, பிற்பட்டோருக்கான தனி ஏற்பாட்டுக்கு 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது.

தகுதி கெட்டுவிடும் என்பது அன்றும் இன்றும் எழும் ஆட்சேபம். விதி மாற்றுவது நுழைவை மட்டுமே. உள்ளே வந்தபின் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு. பெண்ணுக்கு மருத்துவம் ஒத்துவராது என்ற காலத்தில் ஷார்லீப் லண்டனில் மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கம் வாங்கினார். நுழைவதற்கு முன்பே ஒருவரின் திறமையை அளந்துவிட்டதாக நினைப்பதுதான் பிழை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தர 2020இலும் தமிழ்நாடு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்னும் வெளியேதான் நின்றிருப்பார்கள்.