நிலையும் கதவும்: தச்சர் வீட்டுப் பட்டறையின் சரித்திரம்

ஒரு குடும்பத்தின் மேன்மையைத் தலைவாசலைக் கொண்டு மதிப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பெண் பார்க்கச் செல்வோரும் வாய் திறந்து பேசுமுன் நிலையையும் கதவையும் ஒருமுறை ஏற இறங்க நோக்குவர். அந்நிலையை நிறுத்திய வீட்டுக்காரர் பெயரை ஊரறியும். அதனைச் செய்து கொடுத்த ஆசாரியின் பெயரோ மூன்று தலைமுறைக்குள் மறைந்து போகின்றது. கல்லிற் பணி செய்த நம் முன்னோர்க்கு இக்குறை அத்துணை இல்லை. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்னும் பெயர் இன்றும் நின்று விளங்குகின்றது. மரத்திற் பணி செய்தவர்க்கு அவ்வாறு பெயர் பொறிப்பார் இலர். ஆதலின் மரத்தச்சின் வரலாற்றைக் கதவினிடத்தேயே படித்தறிய வேண்டியவராய் இருக்கின்றோம்.

இத்தொழில் எவ்வளவு பழமையானது என்பதற்குச் சங்க நூலே சான்று. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலொன்று வருணிக்கப்படுகின்றது. இரும்பாற் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இரட்டைக் கதவு, மேலே உத்தரம், நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பிய உயர்ந்த நிலை, கொடி தாங்கிய யானை குனியாமற் புகத்தக்க உயரம். இவற்றையெல்லாம் விடப் பெரிது, கைத்திறன் வாய்ந்த கம்மியன் இடைவெளி சிறிதுமின்றி அக்கதவைப் பொருத்தினான் என்று புலவர் நினைந்து சொன்னது. பொருத்துவேலை, மெருகுவேலை என்னும் இரண்டும் அந்நாளிலேயே தனித்தனியாக மதிக்கப்பட்டன என்பது இதனால் வெளிப்படை. வடமொழிச் சிற்ப நூல்களாகிய மயமதமும் மானசாரமும் வாசலுக்கென்றே தனி அத்தியாயங்கள் வகுத்துள்ளன.

ஆயினும் பிறர் வாசலை அலங்கரித்தவர்க்குத் தம் வீட்டில் அவ்வுரிமை என்றும் இருந்ததில்லை. கருவூர்ப் பசுபதீசுவரர் கோவிற் கல்வெட்டொன்று, கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டந் தாங்கிய அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு அளித்த ஆணையைத் தாங்கி நிற்கின்றது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லுகையிற் செருப்பணியவும், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசவும் அவ்வாணை இடந்தருகின்றது. சாந்து பூசிக்கொள்ள ஓர் அரசாணை வேண்டியிருந்ததென்றால், அதற்கு முன்பு நிலை என்னவாயிருந்திருக்கும்! மாளிகைகளுக்குக் கதவு செய்தவர் பூசாத மண்சுவருக்குள் இருந்தனர். இவ்வாணையை நம் குலத்தோர் பெருமையாக எடுத்துக் கூறுவதுண்டு. அதிற் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நேர்மை.

இனிப் பட்டறைக்கு வருவோம். நம்மவர்க்குத் தொழிற்சாலை வேறு, வீடு வேறு என்று இருந்ததில்லை. திண்ணையோ, கொல்லைப்புறக் கொட்டகையோ பட்டறையாக அமைந்தது. கிராமத்துக் குடியானவர்க்குக் கலப்பையும் வண்டியும் செப்பனிட்டுக் களத்தில் நெல் பெறுவது வருஷாந்தர வேலை. கதவு வேலையோ தனிக்கூலிக்கு உரியது, ஓய்ந்த மாதங்களிற் செய்வது. தகப்பன் குறி கீற, மூத்தவன் துளையிட, இளையவன் சீவலைக் கூட்டியள்ளி உளி தீட்டப் பழகுவான். வஜ்ஜிரம் காய்ச்சும் பக்குவம் அறிந்த பெண்டிரும் பலர். அடி பிடித்தால் பசை கெடும், நீர் மிகுந்தால் ஒட்டாது. அதைப் பார்த்திருந்தவர்களை எவரும் தச்சர் என்று எழுதி வைத்ததில்லை. நம் ஐந்தொழிலில் மூன்று ஒரு கதவிற் சேர்வதும் கவனிக்கத்தக்கது. மரம் தச்சனுடையது, தாழ்ப்பாளும் பட்டமும் கொல்லனுடையவை, பித்தளைக் குமிழ் கன்னானுடையது.

மரம் வெட்டுண்ட பின்னும் ஓயாமல் அசையும் என்பதே கதவு வேலையின் உயிர்நிலை. மழைக்காலத்தில் ஈரம் உண்டு பருக்கும்; கோடையில் இளைக்கும். நெடுக்கில் இவ்வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம், முழுதும் குறுக்கிலேதான். மரங்களுள் அடக்கமானது தேக்கு. அதுவும் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்வதற்குள், வளையத்தை ஒட்டிய போக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பங்கும், வைரத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் 2½ பங்கும் சுருங்கும். ஓரடி அகலப் பலகையிற் கணக்கிட்டால் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உலராத பலகையைக் கதவாக்கினவன் அடுத்த சித்திரையில் வெடிப்பைக் காண்பான்.

இதற்கு நம்மவர் கண்ட உபாயம் எளியது. நான்கு புறமும் சட்டம் கூட்டி, சட்டத்தின் உள்விளிம்பிற் காடி எடுத்து, நடுப்பலகையை அக்காடியிற் செருகினார்கள். பலகைக்குப் பசையும் இல்லை, ஆணியும் இல்லை. காடிக்குள் ஒரு நூல் இரண்டு நூல் இடம் விட்டுவைத்தார்கள். பலகை பருத்தாலும் இளைத்தாலும் சட்டத்துக்குள்ளேயே அசைந்து கொள்ளும். கதவின் அளவு மாறுவதில்லை. சட்டங்களை மட்டும் துளையும் கழுந்துமாகச் சேர்த்து, குறுக்கே மூங்கிலாணி இறுக்கினர். கீல் என்பது பின்னர்ப் பரவியது. பழங்கதவுகளில் ஓரச்சட்டத்தையே மேலும் கீழும் நீட்டிக் குடுமியாகக் கடைந்து, கீழ்க்குடுமியைக் கல்லிலோ இரும்பிலோ அமைந்த குழியில் நிறுத்தினார்கள். பாரம் முழுவதும் தரையில் இறங்குவதால் இரண்டாள் தூக்கும் கதவையும் ஒரு சிறுமி திறந்துவிடலாம். கீல் வைத்த கதவோ தன் பாரத்தை நிலையின் பக்கத்தில் தொங்கவிடுகின்றது. திருகாணி தளர்ந்தால் கதவு தரையைத் தேய்க்கும்.

மெருகுவேலையும் இவ்வசைவை ஒட்டியதே. இழைப்புளி வேலை முடிந்தபின் சொரசொரப்பான பராய் இலை கொண்டு தேய்த்து வழவழப்பாக்குதல் பழைய முறை. உப்புத்தாள் பின்னர் வந்தது. எண்ணெய் பூசுதலும், பூச்சி அணுகாதிருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுதலும் வழக்கிலிருந்தன. அரக்கைச் சாராயத்திற் கரைத்துத் துணியுருண்டையால் பலமுறை ஏற்றும் மெருகு, ஐரோப்பியர் வழியாக வந்தது. எனினும் அதற்குரிய அரக்கு நம் தேசத்துச் சரக்கே. தேர்ந்த தச்சன் நடுப்பலகையைக் காடியிற் செருகுமுன்பே அதன் ஓரங்கள் வரை மெருகு ஏற்றிவிடுவான். ஏனெனில் கோடையிற் பலகை இளைக்கும்போது மெருகேறாத வெள்ளைக் கோடு வெளியே தெரிந்து வேலையைக் காட்டிக் கொடுத்துவிடும். இக்காலத்திற் பழங்கதவுகளின் மேல் கனமான எனாமல் வர்ணத்தை அடுக்கடுக்காய்ப் பூசுவோரைக் காணும்போது எனக்கு மெய்யாகவே வயிறெரிகின்றது. அழகு கெடுவது ஒருபுறமிருக்க, வர்ணம் காடியில் இறங்கிப் பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடுகின்றது. நூறாண்டு வெடிக்காத பலகை அடுத்த கோடையில் நடுவே பிளக்கும்.

வேம்பு, பலா, வேங்கை, பூவரசு முதலிய உள்ளூர் மரங்களே நெடுங்காலம் கதவாயின. இந்நிலை மாறியது பர்மாவினால். 1826-இல் தெனாசரிமும், 1852-இல் இரங்கூன் உள்ளிட்ட கீழ்ப்பர்மாவும், 1885-இல் மேல்பர்மாவும் ஆங்கிலேயர் வசமாகவே, தேக்குக் காடுகள் வாணிபத்துக்குத் திறந்தன. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆகவே நின்ற மரத்தின் பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டு, இரண்டு மூன்றாண்டு நின்றபடியே உலரச் செய்து, பின் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டனர். அங்கு லேவாதேவி நடத்திய நகரத்தார் ஈட்டிய பொருள் செட்டிநாட்டில் மாளிகைகளாயிற்று. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை முதலிய ஊர்களில் எழுந்த தலைவாசல்கள் உலகப் பிரசித்தி பெற்றன. மேலே சூரியப் பலகையில் தெய்வமும் யாளியும் கொடியும் செதுக்கிய அவ்வேலைகள் நம்மவர் கைப்பட்டவை. பொருள் அவர்களுடையது, கை நம்முடையது. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வாசல்கள் இல்லை. அவற்றைச் செட்டிநாட்டுக் கதவு என்று உலகம் அழைப்பதில் எமக்குப் பொறாமை இல்லை; ஆனால் அப்பெயரில் நம் பங்கு ஓரெழுத்தும் இல்லை என்பதை மறைத்துப் பயனில்லை.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அவ்வருவாய் அற்றது; மாளிகை கட்டுதலும் ஓய்ந்தது. பின்னர் மெல்லிய ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்குமறுக்காக ஒட்டியமைத்த தொழிற்சாலைக் கதவுகள் வந்தன. அவை அசையாதவை, மலிவானவை. ஏழை வீட்டுக்கும் கதவு கிடைத்ததை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் அதனால் திண்ணைப் பட்டறைகள் பல மூடுண்டன. இடிக்கப்படும் வீடுகளின் நிலைகளும் கதவுகளும் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து தூரதேசங்களுக்கும் செல்கின்றன. மேசையாகவும் சுவரலங்காரமாகவும் மாறியவை பல.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு கதவில் எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்பது மாறிவிடாதிருக்கும்பொருட்டு, தச்சர் இரண்டிலும் ஒரே குறியை உளியாற் கீறிவைப்பர். சிலர் கோடு கீறுவர், சிலர் புள்ளி குத்துவர், சிலர் எழுத்துப் போல ஒன்றை இடுவர். பூட்டிய பின் அது மரத்துக்குள் மறைந்துவிடும். கதவைப் பிரித்தாலன்றி எவர் கண்ணிலும் படாது. பழைய வீடு பிரிக்கும் வேலைக்குச் செல்பவர்களும், கடைகளிற் பழங்கதவைச் செப்பனிடுபவர்களும் மூங்கிலாணியைத் தட்டியெடுத்தவுடன் அக்குறியை ஒரு தாளிற் படியெடுத்து, ஊர்ப்பெயரோடு நம் பத்திரிகைக்கு அனுப்புதல் வேண்டும். தங்கள் பாட்டனார் இட்ட குறி இன்னதென்று நினைவிருக்கும் முதியோர் வீட்டில் இருந்தால் அதனையும் உடன் வரைந்து அனுப்புக.