கரிசல் மண்ணும் பலகைத் தரையும்

போன கார்த்திகையில் அருப்புக்கோட்டையில் தம்பி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மனைவிக்கு முழங்கால் வலி. சில்லென்ற தரையில் கால் வைக்க முடியவில்லை. அதனால் கீழறையில் கான்கிரீட் மேல் தேக்குப் பலகை ஒட்டியிருந்தான். ஐப்பசி மழை முடிந்த கையோடு அறை நடுவே பலகைகள் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டன. இருட்டில் அவள் அதில் தடுக்கி விழுந்து, நல்லவேளை, மணிக்கட்டு வீக்கத்தோடு தப்பினாள்.

"பசை சரியில்லை பெரியப்பா" என்றான். ஓவர்சியராகக் காலம் தள்ளிய எனக்குப் பசை மேல் சந்தேகம் வரவில்லை.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் இருக்கிறதே, மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நம் பாட்டிமார் மண்ணை மிதித்துச் சாணி மெழுகினார்கள். விரிசல் கண்டால் வெள்ளிக்கிழமை மெழுகலில் மூடிவிடும். ஈரம் மேலே வந்தாலும் காற்றில் போய்விடும். காரை வீட்டுக்காரர்கள் சுண்ணாம்புக் காரை போட்டார்கள். அதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்காது. மரம் விட்டத்துக்கும் நிலைக்கும் மச்சுக்கும்தான். செட்டிநாட்டில் பர்மா தேக்கு அவ்வளவு வந்து இறங்கியும், கீழ்த்தளத்தில் பெரும்பாலும் கல்லும் ஆத்தங்குடி ஓடும்தான் பதித்தார்கள். செல்லுக்கும் ஈரத்துக்கும் பயம்.

1960களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டி பக்கம் ராமசாமிராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கியது. நம் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் அங்கே போகிறது. பிறகு சிமெண்ட் தரை, காவி கலந்த சிவப்புத் தரை எல்லாம் நம் தெருக்களுக்கும் வந்தன. விவரமான கொத்தனார் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, ஆற்று மணலும் சரளும் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்த பிறகுதான் தளம் போடுவார். மற்றவர் போட்ட தரை இரண்டே கோடையில் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும்.

கான்கிரீட்டில் மரம் ஒட்டுவது சீமைப் பழக்கம். இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் சிறு மரக்கட்டைகளைக் காய்ச்சிய தாரில் தோய்த்துப் பதித்தார்கள். தார் ஒட்டவும் செய்யும், கீழிருந்து வரும் ஈரத்தையும் தடுக்கும். கல்லாக இறுகாமல் கொஞ்சம் இளக்கமாகவும் இருக்கும். மரம் ஈரம் குடித்தால் நீளவாட்டில் அதிகம் வளராது, அகலவாட்டில்தான் உப்பும். அந்த அசைவுக்கு இடம் வேண்டும். இன்றைய யூரித்தேன் பசையும் ரப்பர் மாதிரி இழுபடுவது அதற்காகத்தான். சுவரோரம் அரை அங்குலம் சந்து விடுவதும் அதற்காகத்தான். இவன் வீட்டில் பலகை சுவரை முட்டிக்கொண்டு நின்றது!

"தளம் எப்போ போட்டே?"

"ஆடியிலே. ஆவணிக் கடைசியிலே பலகை ஒட்டியாச்சு."

தளம் நாலு அங்குலம். கான்கிரீட் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. ஒன்றரை மாதத்தில் ஒட்டியிருக்கிறான். மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள்கூட விரிக்கவில்லை.

இரண்டு பலகையைப் பெயர்த்து, பசையைச் சுரண்டி, ஒரு முழம் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்தோம். மறுநாள் காலையில் தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். அவன் ஒன்றும் பேசவில்லை. தம்பி மனைவிதான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பலகையை எல்லாம் எடுத்து அடுக்கச் சொல்லிவிட்டேன். சித்திரை வெயில் முடியட்டும், மறுபடி தாள் ஒட்டிப் பார்த்து, ஈரம் தடுக்கும் எபாக்ஸி பூச்சு அடித்து அப்புறம் ஒட்டலாம். அதுவரை அவளுக்குக் கோரைப்பாய் விரித்திருக்கிறது.