‘தயாரிப்பாளர்’ என்னும் சொல்லும் ஓர் இருவர் கூட்டும்: லீபர் – ஸ்டோலர் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

தமிழில் ‘தயாரிப்பாளர்’ என்றவுடன் நம் மனத்தில் தோன்றுபவர் திரைப்படத்திற்குப் பணம் போடுபவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்தக் கருவி எங்கே ஒலிக்க வேண்டும், பாடகர் எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்த வேண்டும், எடுத்த பதிவுகளுள் எது நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்பவரையும் ஆங்கிலம் அதே சொல்லால்தான் குறிக்கிறது. இந்த இரண்டாம் பொருளுக்குத் தமிழில் இன்னும் நிலையான சொல் அமையவில்லை. ஆங்கிலத்திலும் இப்பொருள் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. அது உருவான காலத்தையும் அதற்காக நடந்த பேரத்தையும் அறிய ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்னும் இருவரின் தொழில் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இருவரும் 1933இல் பிறந்தவர்கள். 1950இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சந்தித்தபோது இருவருக்கும் பதினேழு வயது. லீபர் இசைத்தட்டுக் கடையில் பகுதிநேர வேலை பார்த்த பள்ளி மாணவர். பாடல் வரிகள் எழுதுவார். ஸ்டோலர் பியானோ வாசிப்பவர். வெகுசனப் பாடல்களில் தமக்கு ஆர்வமில்லை என்று முதலில் மறுத்த ஸ்டோலர், லீபரின் குறிப்பேட்டைப் பார்த்ததும் மனம் மாறினார். அதில் ஓர் அடி, அதன் கீழே ‘மேற்படி’ எனக் காட்டும் இரட்டைக் குறிகள், பின்னர் அவற்றோடு இயையும் மூன்றாம் அடி. அந்த மடக்கு அமைப்பு ப்ளூஸ் இசையின் பன்னிரண்டு தாள அளவு யாப்பு என்பதை அவர் உடனே கண்டுகொண்டார். ஒருவரின் யாப்பை மற்றவர் இசையாக வாசித்த அக்கணமே இக்கூட்டின் தொடக்கம் எனலாம்.

1952 ஆகஸ்டில் பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகிக்காக ‘ஹவுண்ட் டாக்’ பாடலை இருவரும் எழுதினர். பதிவை நடத்த வேண்டிய இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ் தாமே டிரம்ஸ் வாசிக்க அமர்ந்துவிட்டதால், பதிவை வழிநடத்தும் பொறுப்பு இந்த இளைஞர்கள்மீது விழுந்தது. அவர்கள் செய்த முதல் ‘தயாரிப்பு’ அதுவே. ஆனால் அப்பணிக்கு அப்போது பெயரும் இல்லை, ஊதியமும் இல்லை.

1953இல் அப்பாடல் ரிதம் அண்ட் ப்ளூஸ் வரிசையில் முதலிடத்தில் ஏழு வாரம் நின்றது. ஆயினும் நிறுவன உரிமையாளர் டான் ரோபி கொடுத்த முன்பணக் காசோலை பணமாகவில்லை. தமக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஐந்நூறு டாலர் மட்டுமே என்று தார்ன்டன் பிற்காலத்தில் கூறினார். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதே பாடலைப் பாடிப் பெரும்புகழ் ஈட்டியபோது வரிகள் மாறிவிட்டிருந்தன. தன்னை ஏய்த்து வாழும் ஆணை வாசலுக்கு வெளியே தள்ளும் பெண்ணின் குரல், நாயை நோக்கிய வெறும் பேச்சாகத் தேய்ந்தது. சொற்கள் சில மாறியதில் பாடுவோரின் பாலும் பாட்டின் பொருளும் கைவிட்டுப் போயின. இம்மாற்றத்தை லீபர் கடைசிவரை ஏற்கவில்லை. எனினும் உரிமைத்தொகை வந்து சேர்ந்தது எழுதிய இருவருக்கே. முதலில் பாடி உயிர்கொடுத்தவருக்கு அன்று. அவர்கள் வரலாற்றைப் போற்றுவோர் கடந்துபோகக் கூடாத இடம் இது.

தம் பாடல் பிறர் கையில் சிதையாதிருக்க வேண்டுமாயின் பதிவும் தம் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர். லெஸ்டர் சில் என்பவருடன் சேர்ந்து ‘ஸ்பார்க்’ என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். தட்டுகள் நன்றாக அமைந்தன. ஆனால் மேற்குக் கரைக்கு அப்பால் கொண்டுசெல்லும் விநியோக வலு இல்லை. தனித்து இயங்குவோரின் நிரந்தரச் சிக்கல் இது. ஆக்கம் கைக்குள், சந்தை கைக்கு வெளியே.

1955இல் நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனம் அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அவர்கள் அட்லாண்டிக்கின் ஊழியர் அல்லர். பிற நிறுவனங்களுக்கும் பதிவு செய்துதரலாம். எழுதியதற்கு மட்டுமன்றிப் பதிவை உருவாக்கியதற்கும் விற்பனையில் பங்கு உண்டு. அமெரிக்க இசைத்துறையில் தனிநிலைத் தயாரிப்புக்கான முதல் உடன்பாடுகளுள் ஒன்றாக இதைக் கருதுவர். அதுவரை பதிவை மேற்பார்த்தவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் சம்பளக்காரர்கள் அல்லது முதலாளிகள். தாங்கள் எழுதுவது பாட்டையன்று, இசைத்தட்டையே என்னும் பொருளில் இவ்விருவரும் பேசியது இப்பின்னணியில்தான். கோஸ்டர்ஸ் குழுவுக்கு அவர்கள் செய்த பதிவுகளில் வரி, குரல், சாக்சபோன், நகைச்சுவைக்கான இடைவெளி அனைத்தும் ஒரே ஆக்கமாக நிற்கின்றன. 1959இல் ட்ரிஃப்டர்ஸ் குழுவின் ‘தேர் கோஸ் மை பேபி’ பாடலில் வயலின் வரிசையைச் சேர்த்தபோது அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லருக்கு அது பிடிக்கவில்லை. வெளிவந்தபின் அப்பதிவு தேசிய வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

வெற்றிக்குப் பின்னும் போராட்டம் பெயரைப் பற்றியதாகவே இருந்தது. பாடலாசிரியர் என்ற வகையில் தட்டில் ஏற்கெனவே பெயர் இருக்க, தயாரித்தவர் என்று இன்னொரு முறை எதற்கு என்பது நிறுவனத்தின் வாதம். இறுதியில் பெயர் அச்சாயிற்று. ஆனால் 1960களின் தொடக்கத்தில் அவர்கள் கணக்குத் தணிக்கை கோரியபோது உறவு கசந்தது. புகழை விட்டுக்கொடுத்த நிறுவனம் கணக்கேட்டைத் திறக்கத் தயங்கியது. பின்னர் 1964இல் ஜார்ஜ் கோல்ட்னருடன் தொடங்கிய ‘ரெட் பேர்ட்’ நிறுவனம் ‘சாப்பல் ஆஃப் லவ்’ பாடலால் உடனே முதலிடம் பெற்றது. ஆயினும் 1966இல் இருவரும் அதைவிட்டு விலகினர். 2011இல் லீபர் மறையும் வரை, அறுபது ஆண்டுகள், கூட்டு மட்டும் நீடித்தது.

மொழியியல் மாணவனாக இங்கே ஒன்றைக் கவனிக்கிறேன். ‘கபிலபரணர்’ என்னும் உம்மைத்தொகை பலர்பால் ஈறு பெறுகிறது. இரு பெயர் இணைந்து ஒரு சொல்லாயினும் அவர்கள் இருவர் என்பதை இலக்கணம் மறக்கவிடுவதில்லை. ‘விசுவநாதன் – ராமமூர்த்தி’, ‘சங்கர் – ஜெய்கிஷன்’ என்னும் நம் இணைகளும் அவ்வாறே. ஆனால் சந்தை இத்தொகையை ஒருமையாக, ஒரு வணிகக் குறியாகவே வாசிக்கிறது. யார் எதைச் செய்தார் என்பது மறைவது கூட்டுக்கு வலிமை, ஆய்வாளருக்கு இடர்ப்பாடு.

இது அமெரிக்காவோடு முடியும் செய்தியும் அன்று. 1977இல் நம் உச்ச நீதிமன்றம், திரைப்பாடல் உரிமையின் முதல் உடைமையாளர் படத் தயாரிப்பாளரே என்னும் நிலைப்பாட்டை உறுதிசெய்தது. 2012ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தம்தான் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக்கொடுத்துவிட முடியாத உரிமைத்தொகைப் பங்கை உறுதிசெய்தது. நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் ‘ஆசிரியர்’ அதன் தயாரிப்பாளரே. அதாவது, பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்பவர். இன்று வாடகை அறையில் மடிக்கணினியோடு அமர்ந்து எழுதி, இசைத்து, பதிவுசெய்து வெளியிடும் இரு இளைஞர்கள் தம்மைப் ‘பாடகர்’ என்றோ ‘இசையமைப்பாளர்’ என்றோதான் சொல்லிக்கொள்கின்றனர். மூன்றாவது பணிக்கு அவர்களிடம் சொல் இல்லை. பெயரற்ற பணிக்கு ஒப்பந்தத்தில் தனிப் பத்தி கேட்பது கடினம்.

‘பதிவாக்குநர்’ என்று நான் எழுதிப் பார்க்கிறேன், முழு நிறைவில்லை. இசை, சட்டம், கலைச்சொல்லாக்கம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்வோர் இதைவிடப் பொருத்தமான சொல்லையோ, பழைய இசைத்தட்டு உறைகளில் கண்ட வழக்கையோ அறிந்திருந்தால் கீழே எழுத வேண்டுகிறேன்.