விலக்கிய நூல்களின் பட்டியல்: தமிழில் ‘எதைப் படிப்பது?’ என்ற வழக்கின் வரலாறு

பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த ‘இலக்கணக் கொத்து’ வேற்றுமை, வினை என்று போகும் நூல். அதன் ஆசிரியர் சுவாமிநாத தேசிகர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவர். தம் நூலுக்குத் தாமே உரையும் எழுதினார். அந்த உரையில், இலக்கணத்தை விட்டு ஓரிடத்தில் வெளியே வந்து, தம் காலத்துப் புலவர்கள்மேல் கோபத்தைக் கொட்டுகிறார். திருவாசகமும் திருக்கோவையாரும் இருக்கும்போது சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, கொங்குவேள் மாக்கதை, பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு, இராமன் கதை, நளன் கதை ஆகியவற்றை ஒரு பொருட்டாக மதித்து ஆயுளைப் பாழாக்குகிறார்களே என்பது அவர் ஆற்றாமை.

இந்தப் பகுதியைச் சைவப் பிடிவாதத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பிடிவாதம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இலக்கிய வரலாற்றை ஆராய்பவருக்கு இதில் வேறொரு செய்தி கிடைக்கிறது. யாரும் படிக்காத நூலைப் படிக்காதே என்று யாரும் சொல்வதில்லை. சங்க நூல்களைத் தமிழுலகம் பல நூற்றாண்டுகள் அடியோடு மறந்திருந்தது, அச்சு வந்துதான் அவற்றை மீட்டது என்று மேடைகளில் சொல்லப்படும் கதைக்கு இந்த வசைப் பட்டியல் நேர் எதிரான சாட்சி. பதினேழாம் நூற்றாண்டில் அவற்றைப் படித்தவர்கள் இருந்தார்கள். மடத்துப் புலவர் ஒருவருக்கு எரிச்சலூட்டும் அளவுக்காவது இருந்தார்கள். தமிழில் நூல் விலக்கு வாதங்களைத் தொடர்ந்து பார்த்தால், வேண்டாம் என்று சொன்னவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் வேண்டும் என்றவர்களின் பாராட்டுரைகளைவிடப் பல இடங்களில் பயனுள்ளதாக இருக்கிறது.

வழக்கு தேசிகரோடு தொடங்கவில்லை. உமாபதி சிவம் இயற்றியதாகச் சொல்லப்படும் சேக்கிழார் வரலாறு, பெரியபுராணம் பிறந்ததற்கே ஒரு வாசிப்புச் சண்டையைக் காரணமாகக் கூறுகிறது. அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான்; அமைச்சர் சேக்கிழார் அது சமணர் கட்டிய பொய்க்கதை, இம்மைக்கும் மறுமைக்கும் உதவாது என்று இடித்துரைத்தார்; அப்படியானால் உதவும் கதை எது என்று மன்னன் கேட்க, அடியார் வரலாறு காவியமாயிற்று. இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. சேக்கிழாருக்குப் பின் நெடுங்காலம் கழித்து எழுதப்பட்ட பாட்டு அது. ஆயினும் சிந்தாமணியின் சுவைக்கு ஈடுகொடுக்க இன்னொரு பெருங்காவியம் தேவைப்பட்டது என்று சைவ மரபே ஒப்புக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். சிந்தாமணிக்கு இதைவிடப் பெரிய நற்சான்றை எந்தச் சமணரும் எழுதித் தந்திருக்க முடியாது.

தேசிகரின் விலக்கு பலித்ததா? ஓரளவு பலித்தது என்றே சொல்ல வேண்டும். அதே திருவாவடுதுறை மடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், உலா, பிள்ளைத்தமிழ் என்று ஐயர் அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்றார் முதலியார். நைடதம், கம்பராமாயணம் என்று சொல்லியும் அவர் முகம் மலரவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்பதுதான் அவர் கேள்வி. ஐயர் படித்ததில்லை. ‘என் சரித்திரம்’ நூலில் இச்சந்திப்பை ஐயரே விரிவாக எழுதியிருக்கிறார்.

தேசிகர் விலக்கிய நூல்களையே முதலியார் கேட்டார் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இடையில் அளவுகோல் மாறிவிட்டது. வீடுபேற்றுக்கு உதவுமா என்ற கேள்வி போய், பழமையும் மொழியின் பெருமையும் தெரியுமா என்ற கேள்வி வந்துவிட்டது. ஆங்கிலம் படித்த அதிகாரி ஒருவர் மடத்துக் கல்வியை ‘என்ன பயன்’ என்று கேட்க முடிந்ததே அக்காலத்தின் அடையாளம். சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை அதற்கு முன்பே, 1868இல், பவர் என்ற பாதிரியார் அச்சிட்டிருந்தார். ஐயர் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று ஐயம் தெளிந்தார். 1887இல் முழுநூலையும் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்தவர்கள் அப்போதும் இருந்தனர். அதே ஆண்டு சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் வந்தது. பிறகு ஐயரின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. கொங்குவேள் மாக்கதை மட்டும் 1924 வரை காத்திருந்தது. தேசிகரின் விலக்குப் பட்டியல் கிட்டத்தட்ட ஐயரின் பதிப்புப் பட்டியலாக மாறியது. மடத்து ஏட்டுச் சுவடிகளே அந்தப் பணிக்குப் பெரிதும் துணைநின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்: வெறுத்தவர்களின் அலமாரியிலும் ஏடு இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் தீர்ப்பு சொல்லும் இடம் மடத்திலிருந்து பத்திரிகைக்கும் மேடைக்கும் நகர்ந்தது. பாரதி தேசியகவியா, மகாகவியா என்று முப்பதுகளில் நடந்த சண்டையில் கல்கி ஒருபுறம் நின்றார். மறுபுறம் நின்ற கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய பதில்கள் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. கம்பனைப் பற்றிய சண்டை அதைவிடப் பெரியது, நீண்டது. வ.வே.சு. ஐயர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வில் கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டன், வால்மீகி எல்லோருக்கும் மேலே வைத்தார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டியில் கம்பன் பாட்டு வாய்விட்டுப் படிக்கப்பட்டது, சுவைக்கப்பட்டது, சில நேரம் திருத்தவும் பட்டது. தமக்குப் பிடிக்காத பாட்டுகளை இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். காவியத்தை எரிப்பவரைவிட, நேசத்தோடு அதில் கத்தரி வைப்பவர் நூலுக்கு அதிகத் தீங்கு செய்யக்கூடும் என்ற எண்ணம் இங்கே எழாமல் இல்லை. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார்.

எதிர்முகாம் 1943இல் நேருக்கு நேர் வந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற சுயமரியாதை இயக்கத்தின் கோரிக்கை பற்றி, பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாதுரையும் ரா.பி. சேதுப்பிள்ளையும் வாதிட்டார்கள். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மோதினார்கள். இவ்வுரைகள் ‘தீ பரவட்டும்’ என்ற சிறு நூலாக வந்தன. சிந்தாமணிக்கு மாற்றாக எழுந்ததாக மரபு சொல்லும் பெரியபுராணம் இப்போது தானே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

கம்பன் கவிதை மோசம் என்று அண்ணா வாதிடவில்லை. கவித்திறத்தை ஒப்புக்கொண்டு, அந்தத் திறமே ஆரியக் கருத்தைத் தமிழன் நெஞ்சில் இனிக்க இனிக்க ஏற்றுகிறது, ஆகையால்தான் ஆபத்து என்றார். சேக்கிழார் கதையில் வரும் வாதமும் ஏறக்குறைய இதுவே. சுவை மிகுந்திருப்பதே குற்றம். மாறியது குற்றம் சாட்டும் கொள்கை மட்டும். கம்பனின் சிருங்காரப் பாட்டுகளைத் தேடி எடுத்து அண்ணா எழுதிய ‘கம்பரச’த்தைப் புரட்டினால், கம்பன் கழகத்து ரசிகர் பலரைவிட அவர் அக்காவியத்தை நுணுக்கமாகப் படித்திருந்தது தெரியும். எரிக்கச் சொன்னவர் பாட்டைப் பாடபேதமின்றி மேற்கோள் காட்டினார். போற்றியவரோ திருத்தி வைத்தார்.

திராவிட இயக்கத்துக்குள்ளேயும் பட்டியல் ஒன்றாக இல்லை. பெரியார் 1949இல் திருக்குறள் மாநாடு நடத்தினார். ஆனால் சிலப்பதிகாரத்தைக் கடுமையாகத் தாக்கினார். மு. கருணாநிதியோ அதே சிலப்பதிகாரக் கதைக்கு ‘பூம்புகார்’ படத்தில் வசனம் எழுதினார். இயக்கத்துக்கு வெளியே, பொதுவுடைமைத் தலைவர் ஜீவா கம்பனை மேடை மேடையாகப் பாடிப் பேசினார். கட்சியைப் பார்த்து வாசிப்பைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்த மூவர் போதும்.

ஐம்பதுகளில் அளவுகோல் மறுபடி மாறியது. சமயமோ இனமோ அல்ல, தரம்தான் கேள்வி என்றார் க.நா. சுப்ரமண்யம். தொடர்கதைகளால் கொழித்த வார இதழ்களின் காலம் அது. அவர் எழுதிய நூலின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’. சேலம் முதலியார் ஒருவரைப் பார்த்துக் கேட்டதை இவர் தமிழ் வாசகர் அனைவரையும் பார்த்துக் கேட்டார். ராஜமய்யரையும் மாதவையாவையும் மீண்டும் முன்னிறுத்தினார். நட் ஹாம்சனையும் செல்மா லாகர்லெவ்வையும் தமிழாக்கினார். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார்; தம் வெளியீடுகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார்.

தரம் என்பதை யார் நிர்ணயிப்பது என்று முற்போக்காளர்கள் கேட்டார்கள். கூர்மையாகக் கேட்டவர் இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து திரும்பியவர். 1968இல் வந்த அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ தனிமனித ரசனையை நம்பும் விமர்சனத்தை மறுத்து, நாவலை அது பிறந்த சமூகத்தின் விளைவாகப் படிக்கச் சொன்னது. வெங்கட் சாமிநாதன் ‘மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்’ என்ற நீண்ட கட்டுரையால் அதைத் தாக்கினார். க.நா.சு.வின் சொந்தப் பட்டியல்களிலும் குறை உண்டு. ஒரு நூல் ஏன் நல்லது என்பதை அவர் விளக்குவது அரிது; நல்லது என்று அறிவித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த விளக்கத்தை எதிராளிகளே எழுத நேர்ந்தது. ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தையும் மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’த்தையும் அவை எழுந்த காலத்தின் வகுப்பு, கல்வி, அச்சுச் சூழலோடு இணைத்துப் படிக்கும் முயற்சியை, ரசனை விமர்சனத்தை மறுக்க வந்த கைலாசபதியின் நூலில்தான் அன்றைய மாணவர்கள் கண்டார்கள்.