கழுவுகிற நிலம்

வைத்தியசாலை எவ்வளவு பெரிதென்று கேட்டால் டொக்டர்மார் கட்டில் கணக்குச் சொல்லுவினம். மேசனான எனக்குப் பைக் கணக்குத்தான். 1,000 சதுர அடிக்கு 5 அங்குலக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட, ஒன்றுக்கு இரண்டு நாலு கலவையில், 50 கிலோ சீமெந்து 75 பையளவு போகும். தூண், அத்திவாரம், பூச்சு எல்லாம் வேறு. ஒரு வாட்டுக்கே இப்படியென்றால் மூன்று மாடிக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வன்னியில் மற்றதெல்லாம் பக்கத்திலேயே கிடந்தது. மணல் கனகராயன் ஆற்றில். கருங்கல் ஒட்டுசுட்டான், வவுனியாப் பக்கம். கதவு நிலைக்குக் காட்டில் முதிரையும் பாலையும். சீமெந்தும் கம்பியும்தான் வெளியிலிருந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை எரித்து 1950 முதல் சீமெந்து தந்த காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. யாழ்தேவி ரயிலும் அந்த வருசம்தான் நின்றது. அதற்கு மேலே அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை: சீமெந்து, இரும்பு, எரிபொருள், பற்றரி ஒன்றும் வரக்கூடாது.

1996இல் போரால் கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்தபோது ஆஸ்பத்திரியும் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் காலத்தில் கொட்டில் போடுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. பனங்குற்றி நாட்டி, கிடுகால் மேய்ந்தால் போதும். கரைச்சல் நிலத்தில்தான். சாணி மெழுகின நிலத்தில் பிள்ளைப்பேறு பார்க்க ஏலாது, கழுவுகிற நிலம் வேண்டும். மாரியில் ஈரம் குடித்துக் கட்டிபட்ட பை ஒன்று எங்காவது அகப்பட்டால், உலக்கையால் இடித்து, பழைய நுளம்பு வலையில் அரித்தெடுப்போம். அந்தத் தூள் தூணுக்கு உதவாது, நிலத்துக்கு உதவும். வலையில் தங்குகிற கட்டியையும் எறியமாட்டோம். அத்திவாரக் குழிக்குள் போடுவோம்.

2002இல் ஏ9 வீதி திறந்தபிறகு சீமெந்து லொறியிலேயே வந்தது. எனக்கு அது கொஞ்ச நாள் கூச்சமாகவே இருந்தது, இவ்வளவையும் ஒரே நாளில் குழைக்கலாமோ என்று.

2009இல் கடைசிப் போரில் சனம் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பின்னால் பின்னால் போய், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடங்களுக்குள் இயங்கியது. அப்போதைய கட்டடப்பொருள் சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டை. கூறைச்சேலையும் இருந்தது அதில்.

2024இல் கிளிநொச்சியில் நெதர்லாந்து உதவியில் பெண்களுக்கான சிகிச்சை நிலையம் திறந்தார்கள். பார்க்கப் போனவன் தளத்தைத்தான் குனிந்து தடவிப் பார்த்தேன். வழுவழுப்பு. தாதி ஒரு மாதிரிப் பார்த்தா.

இப்போது சீமெந்து எந்தக் கடையிலும் கிடக்கிறது. அந்த நாளில் வாளியோடு போய் அள்ளிய ஆற்று மணலுக்குத்தான் பெர்மிற். இல்லாதவர்கள் இரவில் வருகிறார்கள். கனகராயன் ஆற்றங்கரையில் படுத்தால் விடியும்வரை உழவு இயந்திரச் சத்தம்.